பூனை சுட்ட பன்

பூனை வரைவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. குதிரை வரையச் சொன்னால் கழுதை வரும், மயில் வரையச் சொன்னால் பெட்டைக்கோழி வரும். பூனை மட்டும் அப்படியில்லை. கரித்துண்டு கையில் இருந்தால் ஒரு இழுப்பில் முதுகு, ஒரு இழுப்பில் வால், கன்னத்துக்கு மூன்று மீசை, முடிந்தது. அதுவும் சும்மா உட்கார்ந்து முழிக்கிற பூனை இல்லை. இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, தலையில் குல்லா போட்டுக்கொண்டு, நீளமான துடுப்பால் அடுப்பிலிருந்து பன் எடுக்கிற பூனை.

அந்தப் பூனைதான் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது. அதற்கு முன்னால் அதே பூனைதான் என் வேலைக்கு உலை வைக்கவும் பார்த்தது.

எண்பதுகள் பிறந்த சமயம் அது. உத்திரமேரூரில் பஸ் ஏறி, சாலையில் இறங்கி, ஏரிக்கரையோடு கொஞ்சம் நடந்தால் எங்கள் ஊர். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் நெல் அடிக்கிற களம். களத்தோரம் ஓடு போட்ட ஒற்றை அறையில் பால்வாடி. அங்கே நான் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவளையும் அம்மாவைப் பெற்றவளையும்தான் ஆயா என்போம். நானோ கல்யாணமாகி இரண்டு பொங்கல்கூடப் பார்க்காதவள். "சின்ன வயசுலயே ஊருக்கு ஆயா ஆயிட்டியே" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். "அப்ப நீ தாத்தா, போய் மூலையில குந்து" என்பேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று அப்போதே பேர்.

வேலை என்றால் எல்லா வேலையும்தான். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை இட்டுக்கொண்டு வருவது, மூக்குத் துடைப்பது, கால் கழுவிவிடுவது, மத்தியானம் கோதுமை ரவையில் உப்புமா கிண்டிப் போடுவது. பாட்டும் கதையும் டீச்சரம்மா பொறுப்பு. அவர் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தங்கமான மனுஷி. ஆனால் தூரத்தில் யாராவது சத்தமாகப் பேசினாலே குடையைத் தேடுகிற ரகம்.

நான் காலனிக்காரி. அதனால் என்ன நடந்தது என்றால், ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள், பாடினார்கள், காலனிப் பிள்ளைகளோடு களத்தில் மண்ணைக் கிளறி விளையாடினார்கள். உப்புமா வெந்து மணம் வந்ததும் எழுந்து போய் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவர் கையிலும் வீட்டிலிருந்து வந்த தூக்குச்சட்டி. அதில் இருப்பதைத் தின்றுவிட்டு, கையை நக்கிக்கொண்டே என் சட்டியைப் பார்ப்பார்கள். யாரும் வந்து "நீ சமைத்ததை எங்கள் பிள்ளை தின்னாது" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் வாய்விட்டு நாலு கேட்டிருப்பேன். சொல்லாமலே ஒரு சுவர் நின்றது.

ஒருநாள் ஜீப்பில் ஆபீசரம்மா வந்தார். எதிர்ச் சுவரையும் தூக்குச்சட்டிகளையும் பார்த்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இந்தா பாரும்மா, ஊர்ப் பிள்ளைங்க ஒண்ணுகூட இங்க சாப்பிடலைன்னா நான் மேல என்ன எழுதுறது? அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா, ஊர்லேருந்து ஒரு அம்மாவைச் சமைக்கப் போட வேண்டியதுதான். உன் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல."

கோபமே இல்லாமல் ஒருத்தி சோற்றில் மண்ணைப் போட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நடவு இருந்தால் கூலி, அறுப்பு இருந்தால் கூலி, ஏரி வற்றினால் வாயில் ஈ நுழையும் என்று இருந்த எங்கள் தெருவில், மாதம் தவறாமல் சம்பளம் வாங்கிய பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அதைவிட, என் உப்புமா நன்றாக இருக்கும். கடுகு தாளித்து, வெங்காயம் கிடைத்தால் வெங்காயம் போட்டு, ரவை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் கிண்டுவேன். அதைத் தின்று பார்க்காமலே வேண்டாம் என்பது எனக்குத் தாங்கவில்லை. இந்த வேலையை விடுவதில்லை, இந்த ஊர்ப் பிள்ளைகளை என் கையால் சாப்பிட வைக்காமல் ஓய்வதில்லை என்று அன்று ராத்திரியே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "எப்படி?" என்றார். எப்படி என்று எனக்கும் தெரியாது. ஆனால் முடியும் என்பதில் சந்தேகம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பூனை வந்து சேர்ந்தது.

என் அப்பா செங்கல்பட்டில் ஒரு ரொட்டிக் கடைக்கு விறகு பிளந்து போடுகிற வேலை பார்த்தவர். பள்ளிக்கூட லீவில் என்னையும் கூட இட்டுப்போவார். கடைக்குப் பின்னால் மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பெரிய அடுப்பு, ஒரு ஆள் உள்ளே படுக்கலாம் போல. அதன் தலைமேல் எப்போதும் ஒரு பூனை படுத்துக் கிடக்கும். மாவு மூட்டைக்கு வரும் எலியைப் பிடிக்க வளர்த்தார்கள். அது எலியைப் பிடித்து நான் பார்த்ததில்லை. மீசை முழுக்க மைதா மாவு அப்பியிருக்கும், வெந்த பன்னை ரொட்டிக்காரர் வெளியே இழுக்கும்போது மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, சரி பரவாயில்லை என்பது போல மூடிக்கொள்ளும். முதலாளியே அதுதானோ என்று எனக்குத் தோன்றும்.

ஒரு மழை நாளில் பிள்ளைகள் உள்ளேயே அடைந்து கிடந்து அழுதபோது, அந்தப் பூனையைக் கரியால் வரைந்து காட்டினேன். காகிதத்துக்குப் பஞ்சம் இல்லை. டூரிங் டாக்கீஸ்காரர்கள் படம் மாற்றும்போதெல்லாம் வண்டியில் கொட்டடித்துக்கொண்டு வந்து நோட்டீஸ் வீசுவார்கள். ரோஸ், மஞ்சள், பச்சை என்று மெல்லிய காகிதம், ஒரு பக்கம்தான் அச்சு. வெற்றுப் பக்கம் எங்களுக்கு. டீச்சரம்மா தேய்ந்துபோன கார்பன் தாள் இரண்டு கொடுத்தார். மூன்று நோட்டீசுக்கு நடுவே அவற்றை வைத்துப் பென்சிலால் அழுத்தி வரைந்தால் மூன்று பூனை விழும். மேலே இருக்கிற பூனை பளிச்சென்று இருக்கும், அடியில் இருப்பது காய்ச்சலில் கிடந்த பூனை மாதிரி மங்கியிருக்கும். மேல் பூனைக்கு அடிதடி நடக்கும்.

வர்ணமும் நாங்களே செய்துகொண்டோம். கோவைக்கொடி இலையைக் கசக்கினால் பச்சை. செங்கல்லை உரசினால் காவி. துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை. அடுப்புக் கரி. பாவாடை, சட்டை, முகம் என்று எல்லாவற்றிலும் பூசியது போக மிச்சம் பூனைக்கு.

"எங்க வூட்டு பூன இது!" என்று கத்தினாள் ஒரு பெண். ஊரில் பெரிய நிலக்காரர் வீட்டுக் கடைக்குட்டி அவள், நாலு வயசு இருக்கும், பேச்சில் நாற்பது வயசு.

"எங்க வூட்டு பூன!" என்றான் காலனிப் பையன் ஒருவன். "ராவானா எங்க வூட்லதான் தூங்குது."

"எங்க வூட்லதான் பால் குடிக்குது!"

"எங்க வூட்லதான் கருவாடு துன்னுது!"

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். பெரிய வீட்டு மஞ்சள் பூனைக்குப் பகலில் ஊர், ராத்திரியில் காலனி. அதன் வண்டவாளம் எங்கள் தெருவுக்கே தெரியும். சண்டையை நிறுத்த, "இது ரெண்டு பேர் பூனையும் இல்லடா, இது ரொட்டி சுடுற பூனை" என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம் அடுப்பு செய்யாமல் விடுவார்களா? நோட்டீசை மடித்து வாய் திறந்த டப்பா ஒன்று செய்தேன், பூனையை வெட்டி அதன் பக்கத்தில் நிற்க வைத்தேன். பன் வேண்டுமே. காகிதத்தை வட்டமாக வெட்டி மஞ்சள் தண்ணீரில் தோய்த்தேன். அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது, இன்றைக்கு நினைத்தாலும் என் முதுகை நானே தட்டிக்கொள்வேன். டப்பாவின் உள்ளே வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினேன். ஈர மஞ்சள் பன்னை உள்ளே தள்ளி, ஒரு தேய்ப்புத் தேய்த்து வெளியே இழுத்தால், பன் செக்கச்செவேல் என்று வெந்து வந்தது!

பிள்ளைகள் மூச்சுவிட மறந்துபோனார்கள். அடுத்த நிமிஷம் ஓடு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைகூட அறிந்த சங்கதி, கண்ணேறு கழிக்கத் தலை சுற்றிக் கொட்டுகிற ஆலம் அதுதானே. ஆனால் ஒரு பூனையின் அடுப்புக்குள் பன் மஞ்சளாகப் போய்ச் சிவப்பாக வரும்போது அது வேறு சங்கதி.

தினமும் பூனைக் கடை திறந்தது. காகிதப் பன்னை ஒருவர் வாயருகே ஒருவர் வைத்து "ஆம்" என்று பொய்க்குத் தின்றார்கள். சுவரோரக்காரர்கள், இந்தப் பக்கத்துக்காரர்கள் என்று அங்கே ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே உப்புமா கிண்டினேன். ஒருநாள் கரண்டியைப் பூனைப் படத்தின் வாயருகே வைத்து, "இன்னிக்கு உப்புமாவும் பூனைதான் செஞ்சிது, பாவம், மீசையெல்லாம் ரவை" என்றேன்.

நிலக்காரர் வீட்டுக் குட்டி எழுந்து வந்தாள். தூக்குச்சட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தாள்.

"எனுக்கு."

"உனக்கு இன்னா?"

"பூன செஞ்ச உப்புமா."

ஒரு வாய் வாங்கினாள். மென்றாள். "உப்பு ஜாஸ்தி, பூனைக்கு ஒண்ணும் தெர்ல" என்று சொல்லிவிட்டு இன்னொரு வாய் கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணியும் வந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அடுத்தடுத்த நாட்களில் அவளைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். வீட்டுத் தூக்குச்சட்டி அப்படியே திரும்பிப் போனால் கேள்வி வரும் என்று, அதிலிருந்ததைக் காக்காய்க்குப் போடுகிற அளவுக்கு அவர்களுக்குச் சாமர்த்தியம் இருந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியம்.

டீச்சரம்மாவின் கைதான் குடையைத் தேடியது. "இதெல்லாம் வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றார்.

"தெரியட்டும் டீச்சர். பூனை கண்ண மூடிக்கினா ஊரே இருண்டுடுமா?"

தெரிந்தது. ஆனால் நான் நினைத்த வழியில் தெரியவில்லை.

குட்டி தன் பூனையையும் சிவந்த பன்னையும் வீட்டுக்கு எடுத்துப்போய், உள்வாசல் கதவில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலம் ஏரித் தண்ணீரில் ஆடியதில் ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. விளக்கை எடுத்துக்கொண்டு வந்த அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது கதவில் முறைத்த பூனை. அடுத்தது அதன் காலடியில் இருந்த சிவப்பு.

காலையில் களத்தில் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த அம்மா நிற்கிறார். பின்னால் ஊர்ப் பெண்கள். அந்த அம்மாவின் இன்னொரு கையில் முறம். முறத்தில் என் பூனை. கையால் தொடாமல், குச்சியால் பெயர்த்து, முறத்தில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"வெளிய வாமே! எம் புள்ளைக்கு இன்னா செஞ்சி அனுப்பின?"

"நான் இன்னாம்மா செஞ்சேன்?"

"ராவெல்லாம் அனலா கொதிச்சிது. கதவாண்ட பாத்தா பூன! அதுல மஞ்சாவும் சுண்ணாம்பும்! மஞ்சாவும் சுண்ணாம்பும் எதுக்குமே கலப்பாங்க? சுத்திப் போடத்தான கலப்பாங்க? யார் தலைய சுத்தி எம் புள்ள கையில குடுத்து அனுப்பின?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆலம் சுற்றிக் கொட்டிய இடத்தை எங்கள் ஊரில் யாரும் மிதிக்க மாட்டார்கள், அடுத்தவர் கண்ணேறு நம் காலில் ஏறும் என்று விலகிப் போவார்கள். அதைக் காகிதத்தில் தோய்த்து, மேலே பூனையையும் வரைந்து, ஒரு குழந்தையின் கையில் கொடுத்து வீட்டுக்குள் அனுப்பினால் அதற்கு ஒரே பேர்தான். சூனியக்காரி என்ற பேர் வந்துவிட்டால் வேலை மட்டுமா போகும்? வீட்டையே காலி செய்ய வேண்டியதுதான். பக்கத்தில் டீச்சரம்மா குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பயம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு கோபம் வந்து அதை மூடிவிட்டது. என் பூனையை முறத்தில் குப்பை மாதிரி ஏந்திக்கொண்டு வந்ததைப் பார்த்தேன் இல்லையா, அந்தக் கோபம்.

"அம்மா, உங்க இடுப்புல சுருக்குப் பை கீதே, அதுல சுண்ணாம்பு கீதா?"

"கீது. அதுக்கு இன்னா இப்ப?"

"அத்த எடுங்க. உங்க வூட்டு சுண்ணாம்பு, நான் தொட்ல. பாப்பா, எறங்கி வா. உங்க அம்மாவுக்கு ஒரு பன் சுட்டுக் குடு."

குட்டிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, கண் மட்டும் சொருகியிருந்தது. பன் என்றதும் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள். அம்மாவின் டப்பியைத் திறந்து விரலால் சுண்ணாம்பை வழித்து, காகித அடுப்புக்குள் பூசினாள். ஒரு மஞ்சள் வட்டத்தை எடுத்துத் தண்ணீரில் நனைத்து உள்ளே தள்ளினாள். "சுர்ர்ர், வேகுது, யாரும் தொறக்காத" என்று கூட்டத்தையே அதட்டினாள். பிறகு வெளியே இழுத்தாள். செக்கச்செவேல்.

"வெந்துச்சிமா! இந்தா துன்னு."

அம்மாவின் வாயருகே நீட்டினாள். பிள்ளை நீட்டினால் எந்தத் தாய்க்கும் வாய் தானாகத் திறந்துவிடுகிறது. அந்த அம்மா "ஆம்" என்று வெறும் வாயை மென்றும் விட்டார். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, "அய்ய, இந்த பன்னுக்கா நாம கும்பலா வந்தோம்!" என்றாள். களமே சிரித்தது. அந்த அம்மாவின் உதட்டிலும் ஒரு ஓரமாகச் சிரிப்பு வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் குட்டி சொன்னாள், "உப்புமா இன்னும் நல்லா கீதும்மா. பூன தெனம் செய்யிது. நானு தெனம் துன்றன்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"எந்த உப்புமா?" என்றார் அந்த அம்மா. குட்டியைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். "யார் செஞ்ச உப்புமா?"

டீச்சரம்மா என் காதோரம், "விளையாட்டுக்குச் சொல்லுதுன்னு சொல்லிடு. காகித உப்புமான்னு சொல்லிடு" என்றார். சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள், நம்பத்தான் ஆசைப்பட்டார்கள். நானும் அன்றைக்குத் தப்பியிருப்பேன். ஆனால் அப்படிச் சொன்னால் சுவரோரத்தில் தூக்குச்சட்டி மறுபடி வரிசையாக நிற்கும், ஆபீசரம்மா வருவார், கோபமே இல்லாமல் என்னை அனுப்பிவிடுவார். என் கை செய்ததை நானே இல்லை என்று சொல்லிவிட்டு யாருக்காக அந்தச் சட்டியைத் தூக்குவது?

"நான்தாம்மா செஞ்சேன். பூனைக்குக் கரண்டி புடிக்க வருமா? இந்தக் கையால கிண்டினேன். உங்க பொண்ணு கேட்டு வாங்கித் துன்னுச்சி. நல்லா துன்னுச்சி."

அந்த அம்மாவின் முகம் சிவந்தது.

எனக்கோ வாய் திறந்துவிட்டது, இனி மூடாது. "ஒண்ணு கேக்கறன், கோச்சிக்காதீங்க. உங்க வூட்டு மஞ்ச பூன ராவானா எங்க தெருவுலதான் கீது. எங்க சட்டியில வாய வெச்சி கருவாட்ட துன்னுது, எங்க அடுப்பாண்ட தூங்குது. அப்பால விடிஞ்சா உங்க வூட்டுக்கு வந்து பால் சட்டியில வாய வெக்கிது. அந்தப் பால என்னிக்காவது கொட்டினீங்களா? பூனைக்குத் தொறந்து கெடக்கிற கதவு எனக்கு மட்டும் ஏம்மா சாத்திக் கெடக்குது?"

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். குட்டியைத் தூக்கிக்கொண்டார். அவள் "எம் பூன, எம் பூன" என்று கையை நீட்டி அலற அலற நடந்து போய்விட்டார். மற்ற பெண்களும் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கலைந்தார்கள். டீச்சரம்மா, "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை. உள்ளே போய் உப்புமாவுக்குத் தண்ணீர் வைத்தேன். அளவு தெரியாமல் எல்லோருக்குமாக வைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஊர்ப் பிள்ளைகள் வரவில்லை. காலையில் ஊருக்குள் போய் ஒவ்வொரு வாசலாக நின்று கூப்பிட்டேன். "உடம்பு சரியில்ல", "மாமா வூட்டுக்குப் போயிருக்குது" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. பெரிய வீட்டு வாசலிலும் நின்றேன். மதில் மேல் அந்த மஞ்சள் பூனை மட்டும் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் இவனால் வந்தது என்று அதையும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர், "நாளைக்கு நாத்து பறிக்க ஆள் கேட்டாங்க, நீயும் வர்றியா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். வேலை போய்விட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். "எனக்கு வேலை கீது" என்றேன்.

விட்டுப்போன முறத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ரவை புடைக்க வாகாக இருந்தது. மூங்கில் நெருக்கி முடைந்த நல்ல முறம்.

ஆபீசரம்மா வரப்போகிறார் என்று டீச்சரம்மாவுக்குத் தகவல் வந்திருந்தது. நான் அதற்காக எதையும் மாற்றவில்லை. காலனிப் பிள்ளைகள் பூனைக் கடை நடத்தினார்கள். ஆனால் அதட்டுவதற்குக் குட்டி இல்லாததால் கடை சோம்பிக் கிடந்தது. எனக்கும் அவள் ஞாபகமாகவே இருந்தது. உப்பு ஜாஸ்தி என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

ஒருநாள் காலை, நான் முறத்தில் ரவை புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. குட்டி முதலில் ஓடி வந்தாள், நேராகப் பூனையிடம் போனாள். பின்னால் அந்த அம்மா. தனியாக வந்திருந்தார். கையில் தூக்குச்சட்டி.

நான் எழுந்து நின்றேன். என்ன பேசுவது என்று எனக்கே தெரியாமல் போன சந்தர்ப்பம் என் ஆயுசில் குறைச்சல், அது ஒன்று.

"வூட்ல சோறு துன்ன மாட்டேங்குது" என்றார், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. "எத்த வெச்சாலும் பூன செஞ்சதுதான் வோணும்னு ஒரே பேஜார்."

நான் முறத்தில் இருந்த ரவையைச் சட்டியில் கொட்டினேன்.

"நேத்து எங்க வூட்டு பூன பால் சட்டியில வாய வெச்சிச்சி. கொட்டலாம்னு சட்டியத் தூக்கனன். கொட்டல. காய்ச்சி எல்லாருக்கும் குடுத்துட்டன்."

அப்புறம் என் கையில் இருந்த முறத்தைப் பார்த்தார். "எங்க வூட்டு மொறம் அது."

"எடுத்துக்குங்கம்மா."

"இருக்கட்டும்."

நான் தொட்டுவிட்டேன் என்று விட்டாரா, வைத்துக்கொள் என்று விட்டாரா என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை. அவர் தூக்குச்சட்டியை நீட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போலச் சுவரோரம் வைக்கலாம் என்று கை நீட்டி வாங்கினேன். சட்டி கனக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். கழுவித் துடைத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தது.

நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் படி இறங்கிவிட்டார். களத்தில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"உப்ப கம்மியா போடு. எம் பொண்ணுக்கு உப்பு ஆவாது."